மாப்பிள்ளையின் எடை

அந்த மீட்பு நிலையத்தில் மாப்பிள்ளை என்றால் மனிதன் இல்லை. தடித்த கித்தானில் தைத்து, உள்ளே மணல் அடைத்து, காலில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ் மாட்டிவிட்ட பொம்மை. நெஞ்சில் கறுப்பு மையால் எண்பது கிலோ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். தீப்பிடித்த வீட்டில் மயங்கிக் கிடக்கும் ஆளைத் தோளில் போட்டு இறக்கப் பழகுவதற்காக வாங்கியது. அதற்கு ஏன் அப்படி ஒரு பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். "ஒரு வேலையும் செய்யாது. ஆனா எல்லாரும் தூக்கி வெச்சுக்கணும். வேற என்ன பேர் வைக்கிறது?" என்பார் வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன். கல்யாணமான ஆண்கள்தான் அதற்கு அதிகமாகச் சிரிப்பார்கள், தங்களைச் சொல்லவில்லை என்கிற நிம்மதியில்.

ஒரு காலத்தில் அந்த மாப்பிள்ளையைப் பஞ்சு மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கியவள் கிரேன். அந்த நிலையத்தின் வண்டியில் ஏறிய முதல் பெண் அவள்தான். பாதி இடிந்த கட்டடம் ஒன்றிலிருந்து, தன்னைவிட ஒன்றரை மடங்கு இருந்த காவலாளியைத் தோளில் போட்டு இறக்கிவிட்டு, "இவர் காலைல என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டவள். அன்றைக்கு வைத்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

பிறகு குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து வந்தவளை நிலையத் தலைவர் அழைத்துப் பேசினார். மூச்சுக்கு முந்நூறு தடவை "சட்டப்படி" என்று சொல்வதால் அவருக்கு நிலையத்தில் சட்டம் என்று பெயர். அவர் எதிரில் இல்லாதபோது மட்டும். "ரெண்டே மாசம்தான்மா. ஃபோன் ரூம்ல உக்காரு. உடம்பு கொஞ்சம் தேறட்டும். அப்புறம் வண்டி உன்னோடதுதான்," என்றார் அவர், தகப்பன் ஸ்தானத்தில் நின்று சொல்வதுபோல.

அந்தக் குழந்தை இப்போது பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறது. கிரேன் இன்னும் ஃபோன் ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஃபோன் அடிக்கும். எதிர்முனையில் யாராவது அலறுவார்கள். முகவரி வாங்கி, மணி அடித்து, "பதறாதீங்க, வண்டி கிளம்பிடுச்சு," என்று சொல்வாள். ஜன்னலுக்கு வெளியே வண்டி சைரனோடு பாயும். ஒவ்வொரு தடவையும் அவளுடைய கால் நாற்காலிக்கு அடியில் தானாக ஒரு முறை எழும்பிவிட்டு அடங்கும். "என்ன கிரேன் அக்கா, துருப்பிடிச்சிடுச்சா?" என்று திரும்பி வந்த பையன்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். சிரித்து வைப்பாள். நாற்காலிக்கு வீட்டிலிருந்து ஒரு பூப்போட்ட குஷன் கொண்டுவந்து போட்டிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வரும்.

அந்த வருஷம் வண்டியில் ஓர் இடம் காலியானது. அதில் யார் உட்காரப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். சட்டத்தின் மனைவியுடைய தம்பி வேறொரு நிலையத்தில் இருந்தான். தானாக உருண்டு வந்து அவன் மடியில் விழப்போகிற இடத்துக்கு எதற்கு விண்ணப்பம் என்று மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். கிரேன் மட்டும் போய் எதிரில் நின்றாள்.

சட்டம் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். திரும்பக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். "தாராளமா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? பயிற்சிக் கோபுரத்தோட மூணாவது மாடியிலேருந்து மாப்பிள்ளையைத் தனியா இறக்கிக் காட்டு. கீழே போடக் கூடாது, வைக்கணும். மழைக்காலம் ஆரம்பிக்கும்போது டெஸ்ட். ஆனா ஒண்ணு. முடியலைன்னா அதுக்கப்புறம் வண்டிப் பேச்சையே எடுக்கக் கூடாது. கடைசி வரைக்கும் ஃபோன்தான். சரியா?"

"சரி சார்," என்றாள் கிரேன். வாய் சொல்லிவிட்டது. முழங்காலைக் கேட்டிருந்தால் அது வேறு பதில் சொல்லியிருக்கும்.

தையல் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு காலத்தில் எடை தூக்கிப் பதக்கம் வாங்கியவர். எதைக் கேட்டாலும் முட்டையில் கொண்டுபோய் முடிப்பதால் முட்டை மாஸ்டர். தூக்கம் வரவில்லை என்றாலும் முட்டை, தோள் வலிக்கிறது என்றாலும் முட்டை.

"முன்ன எவ்வளவு தூக்கினீங்க?" என்றார் மாஸ்டர்.

கிரேன் சொன்னாள்.

"இப்ப?"

"அதே போடுங்க. மறந்தா போயிடும்?"

மாஸ்டர் அவள் சொன்ன எடையை அப்படியே பாரில் மாட்டிவிட்டு, முட்டை உரித்தபடி வேடிக்கை பார்க்க வசதியாக ஓர் இடம் தேடி உட்கார்ந்தார். கிரேன் குனிந்தாள், பிடித்தாள், இழுத்தாள். பார் முழங்கால் வரை மரியாதைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. பக்கத்தில் கண்ணாடிமுன் தன் புஜத்தைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன், "ஆன்ட்டி, அந்த ஓரத்துல ரோஸ் கலர் டம்பெல் இருக்கு, அது உங்களுக்கு செட் ஆகும்," என்றான். அவன் தொடை அவன் புஜத்தைவிட மெலிவாக இருந்தது. அதை அவனிடம் சொல்லும் அளவுக்குக் கிரேனுக்கு அப்போது மூச்சு இல்லை.

மறுநாள் அவள் படியில் பின்பக்கமாக இறங்கினாள். கழிப்பறையில் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுவதற்கு வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசித்து, மானம் பெரிது என்று தானே எழுந்தாள். "அம்மா ரோபோ மாதிரி நடக்குது," என்று மகள் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவிட்டு வந்தாள்.

"இப்ப பேசலாமா?" என்றார் மாஸ்டர், அவள் திரும்பி வந்தபோது. "உடம்பு பழசை மறக்காது. முதல் தடவை கட்டினதுக்கு ஆன காலம் இப்ப ஆகாது, சீக்கிரமே திரும்பும். ஆனா சதை ஓடி வரும், மூட்டு நடந்துதான் வரும். சதை பேச்சைக் கேட்டு நீங்க ஓடினீங்கன்னா மூட்டு கோவிச்சுக்கும். கோவிச்சுக்கிட்டா மாசக்கணக்குல பேசாது. வெறும் பாரை எடுங்க."

எடுத்தாள். ஒரு காலத்தில் காவலாளியைச் சுமந்த தோள் வெறும் கம்பியைச் சுமந்து ஏறி இறங்கியது. இதைவிடக் கேவலம் உண்டா? அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே செய்தாள். மாஸ்டர் எடையை வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார், கஞ்சன் காசு கொடுப்பதுபோல. அவள் முட்டை தின்றாள், நேரத்தோடு தூங்கினாள், மீண்டும் தின்றாள். முதலில் ஊறுகாய் பாட்டிலின் மூடி வசத்துக்கு வந்தது. அப்புறம் தண்ணீர் கேன் ஒற்றைக் கையில் வந்தது. சீருடைச் சட்டை தோளில் பிடித்தது. ஒரு நாள் பாரைத் தரையிலிருந்து எடுத்தபோது, அவள் எதுவும் சொல்லாமலே முதுகு நிமிர்ந்து பூட்டிக்கொண்டது, குதிகால் தரையைத் தேடி அழுத்தியது. அட, இது நம்ம உடம்பு! எத்தனை வருஷமாயிற்று உன்னைப் பார்த்து! அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் ரோஸ் டம்பெல் ஆசாமிக்கும் ஒரு முட்டை கொடுத்தாள்.

அடுத்த கட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கம்பி விறைப்பாக நிற்கும். மனிதன் தொளதொளவென்று எல்லாப் பக்கமும் வழிவான். அவளுடைய வீட்டுக்காரர் செருப்புக் கடையில் விற்பனையாளர், மாப்பிள்ளையின் நெஞ்சில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான எடை. "உனக்காகத்தான்," என்று சொல்லி ராத்திரிச் சாப்பாட்டில் இன்னொரு தட்டு வேறு வாங்கிக்கொண்டார். குடியிருப்பின் மாடிப்படியில் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவாள்.

"பாத்து, பாத்து. தலை சுவத்துல இடிக்குது."

"சும்மா இருங்க. மயங்கினவன் பேசமாட்டான்."

"மயங்கினவனுக்கும் தலை வலிக்கும்ல?"

எதிரே வந்த மாடி வீட்டு அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யய்யோ, என்னம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் காலு போயிடுச்சா?"

"இல்லக்கா," என்றார் அவர், தலைகீழாகத் தொங்கியபடி. "மானம்தான் போச்சு."

இதற்கு நடுவில் ஒரு சோம்பலும் வந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்? டிரைவர் அண்ணன் ஒரு நாள் ஃபோன் ரூம் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "எதுக்கும்மா இப்படி உயிரை விடறே? மாப்பிள்ளையோட விலாப் பக்கம் தையல் விட்டு எத்தனை வருஷமாச்சு? ஒவ்வொரு டெஸ்டுக்கும் படி பூரா மணல் கொட்டுது. பெருக்கித் தள்ளிடறாங்க. இப்ப அதுல பாதிகூட இருக்காது," என்றார்.

கிரேனும் அதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளையின் கால்கள் சூம்பிப்போய், பூட்ஸ் மட்டும் கனமாகத் தொங்கும். ஆண்கள் வருஷா வருஷம் முன்னைவிட வேகமாக இறங்குவார்கள். சட்டம் அவர்களை வரிசையாக நிற்கவைத்து, "வருஷத்துக்கு வருஷம் நம்ம நிலையத்தோட திறமை ஏறிக்கிட்டே போகுது," என்று பெருமையோடு சொல்வார். மணல் இறங்கியதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் திறமையும் சேர்ந்து இறங்கிவிடுமே.

சரி, பாதி மாப்பிள்ளைக்கு எதற்கு முழு உழைப்பு என்று அவளும் ஜிம்முக்குப் போவதை நிறுத்தினாள். நன்றாகத்தான் இருந்தது. காலையில் தூங்கினாள். வீட்டுக்காரர் தன் காலாலேயே படி இறங்கிக் கடைக்குப் போனார்.

பிறகு ஒரு நாள், ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில் மாப்பிள்ளையைக் குப்புறப் போட்டிருந்தார்கள். ஸ்டோர் ஆள் கோணி ஊசியால் விலாவைத் தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மணல் குவியல். சட்டம் குடையோடு நின்று, "நல்லா அழுத்து. இன்னும் போடு, இன்னும் போடு. சட்டப்படி எண்பதுன்னா எண்பது இருக்கணும்," என்றார். எத்தனையோ வருஷமாகக் கண்ணில் படாத கிழிசல், ஒரு பெண் படியேறப் போகிறாள் என்றதும் பளிச்சென்று தெரிந்துவிட்டது! தராசு எடுத்துவர யாரையும் அவர் அனுப்பவில்லை. முந்தின நாள் முழுக்கப் பெய்த மழையில் அந்த மணல் நனைந்து ஊறியிருந்தது. ஈர மணலைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை போலிருக்கிறது.

கிரேனுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. பாதி அவர்மேல், பாதி தன்மேல். அன்று சாயங்காலமே ஜிம்முக்குப் போனாள்.

"வந்துட்டீங்களா? நான் வேற, வாங்கி வெச்ச முட்டையை எல்லாம் யாருக்குக் கொடுக்கறதுன்னு கவலைப்பட்டேன்," என்றார் மாஸ்டர்.

டெஸ்ட் நாளில் மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரியே வந்திருந்தார். வரவழைத்தது சட்டம்தான். எல்லாம் நியாயமாக நடந்தது என்று சொல்லப் பெரிய மனிதர் ஒருவர் வேண்டாமா? கிரேன் பாதியிலேயே போட்டுவிடுவாள், அப்புறம் மச்சினன் தூக்கவே வேண்டியிருக்காது என்பது அவர் கணக்கு. மச்சினன் உடம்பை ஒட்டிய பனியனும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து, முற்றத்தில் கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோக நாலு பேர் தேவைப்பட்டார்கள். இறங்கி வந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிரேன் மேலே போனாள். முழங்காலிட்டு, பொம்மையின் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, அதன் வயிற்றுக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். எழுந்தாள். எழுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. இது எண்பது இல்லை, தாயே, எண்பது இல்லவே இல்லை. வீட்டுக்காரரை மூன்று வேளையும் பந்தியில் உட்காரவைத்து எழுப்பினாலும் இந்தக் கனம் வராது.

கோபுரத்தின் இரும்புப் படி ஓர் ஆள் அகலம்தான். ஒவ்வொரு படியாக இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஈர மணல் ஒரே பக்கமாகச் சரிந்தது. உடம்பு சுவரில் மோதியது. வலது தொடை வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. அவ்வளவுதான், போட்டுவிடுவேன் என்று அவளுக்கே தோன்றியது. போட்டால் அந்தப் பூப்போட்ட குஷன். கடைசி வரை குஷன். 'ரெண்டே மாசம்தான்மா' என்ற குரல் காதில் கேட்டது. அடப்பாவி மனுஷா! பல்லைக் கடித்து, குதிகாலால் படியை மிதித்து, மணல் போன பக்கமே தோளைக் கொடுத்து நிமிர்ந்தாள். அதற்கப்புறம் எப்படி இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முற்றத்து மெத்தைக்கு வந்து முழங்காலை மடக்கி மாப்பிள்ளையை வைத்தாள். போடவில்லை, வைத்தாள். டிரைவர் அண்ணன் கைதட்டினார். மற்றவர்கள் சட்டத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டலாமா என்று யோசித்தார்கள்.

"நல்லது. அடுத்த ஆள்," என்றார் பெரிய அதிகாரி.

நாலு பேர் மறுபடியும் மாப்பிள்ளையை மேலே ஏற்றினார்கள். மச்சினன் கறுப்புக் கண்ணாடியோடு போனான். மேலே சத்தமே இல்லை. பிறகு முக்கல். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கண்ணாடி இல்லாத முகம் எட்டிப் பார்த்தது.

"மாமா! இது நம்ம மாப்பிள்ளை இல்ல மாமா! நீங்க லேசா இருக்கும்னுதானே சொன்னீங்க?"

"மாமாவா?" என்றார் பெரிய அதிகாரி, மெதுவாகத் திரும்பி.

சட்டத்துக்கு நெற்றியில் வியர்த்தது. "அதே மாப்பிள்ளைதான் சார். எண்பதுதான் சார். வருஷா வருஷம் நாங்க எல்லாரும் இதைத்தானே தூக்கறோம்? நானே தூக்கறேன் சார்."

"அப்படியா? அப்ப மச்சினனுக்கு ஒரு தடவை தூக்கிக் காட்டுங்களேன். பாத்துக் கத்துக்கட்டும்."

கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? சட்டம் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மேலே போனார். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வீம்பு ஒரு பலம்தான். எப்படியோ மாப்பிள்ளையைத் தோளில் ஏற்றிவிட்டார். நாலு படி வீம்பிலேயே இறங்கினார். ஐந்தாவது படிக்கு வீம்பு போதவில்லை. "ஐயோ!" என்று ஒரு குரல். தடதடவென்று சத்தம். பையன்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சட்டம் திருப்பத்தில் மல்லாந்து கிடந்தார். மாப்பிள்ளை அவர்மேல் கவிழ்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். அவர் கணுக்கால் கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சர் அந்தப் படியில் திரும்பாது. கோபுரப் படியில் ஓர் ஆளை ஓர் ஆள்தான் இறக்க வேண்டும் என்பதும் சட்டம் போட்ட சட்டம்தான். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் போகிறேன் என்று யாரும் முன்னால் வரவில்லை. சூம்பிப்போன மாப்பிள்ளையோடு பழகிய தோள்கள் அவை. சட்டமோ வஞ்சனை இல்லாமல் வளர்ந்த உடம்பு. கடைசியில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

கிரேன் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள்.

"நீயா?" என்றார் சட்டம்.

"வேற யாராவது இருந்தா சொல்லுங்க சார், நான் இறங்கிடறேன்."

அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவள் மாப்பிள்ளையைப் புரட்டித் தள்ளிவிட்டு, அவர் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, தோளைக் கொடுத்து எழுந்தாள். வீட்டுக்காரர் மாதிரி இவர் வழியெல்லாம் பேசவில்லை. தலை இரண்டு இடத்தில் சுவரில் இடித்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. முற்றத்துக்கு வந்து மெத்தையில் வைத்தாள்.

"ரொம்ப கஷ்டமா இருந்துச்சாம்மா?" என்றார் பெரிய அதிகாரி.

"இல்ல சார். மாப்பிள்ளையை விட சார் லேசுதான்."

இந்தத் தடவை கைதட்ட யாரும் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளையை அதே எடையில் வைத்து எல்லாரும் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தையல் கடை மாடியில் முட்டை மாஸ்டருக்குத் திடீரென்று வியாபாரம் சூடுபிடித்தது. துருவைப் பற்றி விசாரித்த பையன்கள் எல்லாம் வெறும் பாரைத் தூக்கிக்கொண்டு, படியில் பின்பக்கமாக இறங்கினார்கள். மச்சினன் தன் பழைய நிலையத்துக்கே போனான்.

தூக்க முடியாத ஆள் ஃபோன் ரூமில் உட்கார வேண்டும் என்பதும் சட்டம்தான். கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சட்டம் அங்கே உட்கார்ந்திருந்தார். கிரேன் தன் சாமான்களை எடுக்க வந்தாள். குஷனை மட்டும் எடுக்கவில்லை. அதைத் தட்டி, உப்பவைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் செருகினாள்.

"ரெண்டே மாசம்தான் சார்," என்றாள். "உடம்பு கொஞ்சம் தேறட்டும்."

அவர் பதில் சொல்லுமுன் ஃபோன் அடித்தது. எடுத்தார். எதிர்முனையில் யாரோ அலறினார்கள். முகவரி வாங்கி மணியை அடித்தார். கிரேன் ஓடிப்போய் வண்டியில் தன் இடத்தில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். டிரைவர் அண்ணன் சைரனைப் போட்டார்.

"பதறாதீங்க," என்றார் சட்டம், ஜன்னலைப் பார்த்தபடி. "வண்டி கிளம்பிடுச்சு."